ஸ்கேன் ரிப்போட் சொல்லும் சேதி என்ன?
புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டியவை



போன மழைக்காலத்தில் ஒரு நாள் பின்னேரம், மேல் டிவிசனில் இருந்து ஒரு அண்ணன் என்னைத் தேடி ஒபீசுக்கு வந்தார். கையில் பெரிய கவர் ஒன்று. நனையாமல் இருக்க அதை உரப் பையில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். "ஐயா, வீட்டுக்காரிக்கு மருந்து பிடிக்கலையாம். இனிமே எதுக்கு அலையணும்னு ஆஸ்பத்திரிக்குப் போறத நிப்பாட்டிட்டோம்" என்றார்.

அவருடைய மனைவிக்கு மார்பில் புற்றுநோய் வந்து ஈரலுக்கும் பரவியிருந்தது. கிமோ மருந்து மூன்று தடவை ஏற்றியபின் எடுத்த ஸ்கேன் அது. லயத்தில் இங்கிலீஷ் படித்த பையன் ஒருவன் ரிப்போட்டை வாசித்துப் பார்த்து, "ஸ்டேபிள்னு போட்டிருக்கு, மாற்றம் ஒண்ணும் இல்ல" என்று சொல்லியிருக்கிறான். பையன் பொய் சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்கு அவன் சொன்ன அர்த்தமும் சரிதான். ஆனால் கேட்டவர்கள் அதை "மருந்து வேலை செய்யவில்லை" என்று விளங்கிக்கொண்டார்கள். அதற்குள் இரண்டு கிளினிக் தவறிப் போனது.

இப்படி ஒரு சொல்லைத் தப்பாக விளங்கிக்கொண்டதால் மருந்தை விட்டவர்களும் உண்டு, "நல்லாயிருக்கு" என்று கேட்டதும் கிளினிக்கை விட்டவர்களும் உண்டு. ஆகவேதான் இந்த முறை நமது பத்திரிகையில் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டேன். ரிப்போட்டைப் பார்த்து முடிவு சொல்வது டொக்டரின் வேலை. அவர் சொல்வதை விளங்கிக்கொண்டு சரியான கேள்வியைக் கேட்பது நம்முடைய வேலை.

ஸ்கேன் என்றால் என்ன?

எல்லா ஸ்கேனும் ஒன்றல்ல. அல்ட்ரா சவுண்ட் என்பது சத்தத்தின் அலைகளை அனுப்பிப் பார்ப்பது. கர்ப்பிணித் தாய்மார்களுக்கு எடுப்பதும் இதுதான். சீ.டீ. ஸ்கேன் எக்ஸ்ரே கதிரை உடம்பைச் சுற்றிச் சுற்றி அனுப்பி எடுப்பது. ஒரு றாத்தல் பாணைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டாகப் பார்ப்பதைப் போல, உடம்பை வெட்டாமலே உள்ளே துண்டு துண்டாகக் காட்டும். 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி லண்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் முதல் நோயாளிக்கு இந்த ஸ்கேன் எடுக்கப்பட்டது. இதைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்பீல்ட் என்ற இன்ஜினியருக்கு 1979இல் நோபல் பரிசு கிடைத்தது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காந்த சக்தியால் எடுப்பது. அதில் எக்ஸ்ரே கதிர் இல்லை. மூளை, முள்ளந்தண்டு, வாய், தொண்டை போன்ற இடங்களை நன்றாகக் காட்டும். பெட் ஸ்கேன் வேறு விதமானது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

சிகிச்சை தொடங்குவதற்கு முன் எடுக்கும் ஸ்கேன்தான் மிக முக்கியம். பிறகு எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேனையும் அதோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள். காலையில் நிறுத்த கணக்கு இல்லாமல் பின்னேரம் கொழுந்து கூடியதா குறைந்ததா என்று சொல்ல முடியுமா? அது போலத்தான் இதுவும்.

அளவு எடுப்பதில் உள்ள சிக்கல்

முன்பெல்லாம் கட்டி கரைகிறதா என்பதை டொக்டர்மார் கையால் தடவிப் பார்த்துத்தான் சொன்னார்கள். 1976இல் அமெரிக்காவில் இரண்டு வைத்தியர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மெத்தை மேல் 12 உருண்டைகளை வைத்து, ரப்பர் பஞ்சால் மூடி, அனுபவமுள்ள 16 புற்றுநோய் டொக்டர்களைத் தடவி அளக்கச் சொன்னார்கள். ஒரே உருண்டையை ஒருவர் ஒரு அளவு என்றார், மற்றவர் இன்னொரு அளவு என்றார். ஒரே அளவான இரண்டு உருண்டைகளையே வித்தியாசமானவை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அப்படியானால், உண்மையில் கரையாத கட்டியைக் கரைந்தது என்று நினைக்க இடம் உண்டு என்பது தெரிந்தது. சின்ன வித்தியாசத்தை நம்பக்கூடாது, இவ்வளவுக்கு மேல் குறைந்தால்தான் குறைந்தது, இவ்வளவுக்கு மேல் கூடினால்தான் கூடியது என்று ஒரு சட்டம் வேண்டும் என்று கண்டார்கள்.

மடுவத்தில் ஒரே கூடையை இரண்டு தரம் தராசில் போட்டால் கொஞ்சம் கூடக் குறைய வருவது நமக்குப் புதிதில்லை. ஸ்கேனிலும் அப்படித்தான். ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தால் ஓரிரண்டு மில்லிமீற்றர் மாறும். மூச்சைப் பிடித்த விதம், படம் வெட்டிய இடம், ஏற்றிய மருந்து எல்லாவற்றாலும் மாறும். எனவே 21 மில்லிமீற்றர் 22 ஆனதைப் பார்த்து, வீட்டில் யாரும் அழ வேண்டியதில்லை.

இப்போது உலகம் முழுவதும் பழகும் சட்டத்துக்கு ரெசிஸ்ட் என்று பெயர். 2000ஆம் ஆண்டில் வெளியாகி 2009இல் திருத்தப்பட்டது. புதிய மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளுக்காகச் செய்யப்பட்டது என்றாலும், அதில் உள்ள நான்கு சொற்கள் நம்முடைய ரிப்போட்டுகளிலும், கிளினிக் கொப்பியிலும் வரும். அளக்கக்கூடிய கட்டிகளில் ஆகக்கூடியது ஐந்தைத் தெரிவு செய்வார்கள். ஒரு உறுப்பில் இரண்டுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். ஒவ்வொன்றின் நீளமான குறுக்களவையும் எடுத்துக் கூட்டுவார்கள். நெறி கட்டுகிற இடங்களில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்கு மட்டும் அகலமான பக்கத்தை விட்டு ஒடுங்கிய பக்கத்தை அளப்பார்கள். அந்தக் கூட்டுத்தொகைதான் கணக்கு.

நான்கு சொற்கள்

முதலாவது, கம்ப்ளீட் ரெஸ்பொன்ஸ். ஸ்கேனில் தெரிந்த கட்டிகள் எல்லாம் மறைந்துவிட்டன, நிணநீர்க் கணுக்களும் 10 மில்லிமீற்றருக்குக் கீழே சுருங்கிவிட்டன என்று அர்த்தம்.

இரண்டாவது, பார்ஷல் ரெஸ்பொன்ஸ். முதல் ஸ்கேனின் கூட்டுத்தொகையில் இருந்து 30 வீதமாவது குறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது, ப்ரொக்ரெசிவ் டிசீஸ். கூட்டுத்தொகை இதுவரை ஆகக்குறைவாக வந்த அளவில் இருந்து 20 வீதமாவது கூடியிருக்கிறது, அதோடு 5 மில்லிமீற்றராவது கூடியிருக்கிறது என்று அர்த்தம். அல்லது முன்பு இல்லாத இடத்தில் புதிய கட்டி வந்திருக்கிறது. "ப்ரொக்ரெஸ்" என்றால் முன்னேற்றம் என்று பள்ளிக்கூட ரிப்போட்டில் படித்திருப்போம். இங்கே முன்னேறுவது நோய், நோயாளி அல்ல. இந்தச் சொல்லைக் கேட்டு "முன்னேற்றமாம்" என்று சந்தோஷப்பட்டு வந்த குடும்பத்தையும் நான் பார்த்திருக்கிறேன்.

நான்காவது, ஸ்டேபிள் டிசீஸ். 30 வீதம் குறையவும் இல்லை, 20 வீதம் கூடவும் இல்லை. நோய் அப்படியே நிற்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு மூன்று கட்டிகள். 40, 30, 30 மில்லிமீற்றர். கூட்டினால் 100. இரண்டு மாதத்தின்பின் 28, 20, 20. கூட்டினால் 68. நூற்றுக்கு 32 குறைந்திருக்கிறது, ஆகவே பார்ஷல் ரெஸ்பொன்ஸ். அடுத்த ஸ்கேனில் 20, 16, 14. கூட்டினால் 50. இதுதான் ஆகக்குறைந்த அளவு. அதற்கடுத்து 22, 17, 15. கூட்டினால் 54. நான்கு கூடியிருக்கிறது, ஆனால் 50க்கு 4 என்பது 8 வீதம்தான். இதை நோய் வளர்ந்ததாக எடுக்க மாட்டார்கள். பிறகு 26, 18, 18. கூட்டினால் 62. ஆகக்குறைந்த 50இல் இருந்து 12 கூடியிருக்கிறது, அதாவது 24 வீதம். இது ப்ரொக்ரெசிவ்.

இங்கேதான் நம்ம ஆட்கள் குழம்புவது. "முதல்ல 100 இருந்திச்சு, இப்ப 62 தானே, நல்லாத்தானே இருக்கு, ஏன் மருந்த மாத்துறாங்க?" என்று கேட்பார்கள். குறைவதைப் பார்க்கும்போது முதல் ஸ்கேனோடு ஒப்பிடுவார்கள். வளர்வதைப் பார்க்கும்போது ஆகக்குறைவாக வந்த ஸ்கேனோடு ஒப்பிடுவார்கள். மருந்துக்கு அடங்கிக் கிடந்தது திரும்பத் தலை தூக்குகிறது என்றால், அந்த மருந்து இனிப் போதாது என்று அர்த்தம். அதனால்தான் மாற்றுகிறார்கள்.

இன்னொன்று. 30 வீதம் குறைந்தது என்றால் கொஞ்சம்தானே என்று நினைக்காதீர்கள். அளப்பது குறுக்களவை மட்டும்தான். 10 சென்டிமீற்றர் குறுக்களவுள்ள உருண்டை உருளைக்கிழங்கையும், 7 சென்டிமீற்றர் கிழங்கையும் பக்கத்தில் வைத்து நிறுத்துப் பாருங்கள். சின்னது பெரியதில் மூன்றில் ஒரு பங்கு நிறைதான் இருக்கும். அதாவது கட்டியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

ஸ்டேபிள் என்பது கெட்ட சேதியா?

முதலில் சொன்ன அண்ணனோடு அடுத்த கிளினிக்குக்கு நானும் போனேன். டொக்டர் பொறுமையாகச் சொன்னார். "மருந்து கொடுக்காமல் விட்டால் இந்த நோய் வளரும். மூன்று மாதமாக வளராமல் நிற்கிறது. இந்த நிலையில் உள்ள நோய்க்கு அது நல்ல சேதி. இதே மருந்தைத் தொடர்வோம்." அண்ணன் ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான், "ரெண்டு கிளினிக்க வீணாக்கிட்டேனேய்யா" என்றார்.

பரவிய நோயில், நோய் நிற்பதே மருந்து பிடித்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். ஆளுக்கு நோவு குறைகிறதா, சாப்பிடுகிறாரா, நிறை கூடுகிறதா, இரத்தப் பரிசோதனை எப்படி என்பதையெல்லாம் ஸ்கேனோடு சேர்த்துத்தான் டொக்டர் முடிவெடுப்பார். எனவே வீட்டில் நீங்கள் பார்த்ததைச் சொல்லத் தயங்காதீர்கள்.

ஸ்கேன் நம்மை ஏமாற்றும் சந்தர்ப்பங்கள்

கவ்வாத்து வெட்டிய மலையைத் தூரத்தில் இருந்து பார்த்தால் செடியெல்லாம் செத்துப்போன கட்டையாகத்தான் தெரியும். உயிர் இருக்கிறதா என்று பார்க்கப் பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்ப்போம். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. புற்றுநோய்க் கட்டியிலும் இந்தப் பிரச்சினை உண்டு. மருந்தால் உள்ளே உள்ளது செத்துப்போய், வெறும் தழும்பு மட்டும் கட்டியைப்போல் நிற்கலாம். சீ.டீ. ஸ்கேன் அளவைக் காட்டும், உயிர் இருக்கிறதா என்று பல நேரம் காட்டாது. ரிப்போட்டில் "ரெசிடுவல்" என்று வந்தால் மிச்சம் ஒன்று இருக்கிறது என்றுதான் அர்த்தம். அந்த மிச்சம் தழும்பா, உயிருள்ள நோயா என்பதைப் பிறகுதான் பார்க்க வேண்டும்.

நம்ம ஆட்கள் கரண்ட் பிடிக்கிறது என்று சொல்லும் கதிர்ச் சிகிச்சைக்குப்பின் அந்த இடம் வீங்கி, சிவந்து, புண்ணாகி ஆறக் காலம் எடுக்கும். அவசரப்பட்டு ஸ்கேன் எடுத்தால் புண்ணும் நோயும் ஒன்றுபோலத் தெரியும். வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை முடிந்து ஏறக்குறைய 12 வாரம் கழித்துத்தான் பெட் ஸ்கேன் எடுப்பது வழக்கம். "ஏன் உடனே ஸ்கேன் எடுக்கிறாங்க இல்ல, நம்மள ஒதுக்கி வைக்கிறாங்களா?" என்று நினைக்க வேண்டாம். காரணத்தோடுதான் காத்திருக்கிறார்கள்.

எலும்பில் பரவிய நோய் ஆறும்போது, அரித்துப்போன இடத்தில் புது எலும்பு பிடித்து ஸ்கேனில் புதுப் புள்ளிபோலத் தெரியலாம். அதே போல, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி மருந்தில், சிலருக்கு முதலில் கட்டி பெருத்ததுபோலத் தெரிந்து பிறகு சுருங்கும். இது சிலருக்கு மட்டும்தான் நடக்கும். இதற்காக 2017இல் தனிச் சட்டமே எழுதினார்கள். முதல் தடவை பெருத்துத் தெரிந்தால், ஆள் தெம்பாக இருந்தால், 4 முதல் 8 வாரத்துக்குள் இன்னொரு ஸ்கேன் எடுத்து உறுதிப்படுத்த வேண்டும் என்பது அந்தச் சட்டம்.

பெட் ஸ்கேன்

பட்டையைச் சுரண்டிப் பார்ப்பதைப் போன்றது பெட் ஸ்கேன். சீனியைப் போன்ற ஒரு பொருளில் கொஞ்சம் கதிர்ச் சத்தைச் சேர்த்து நரம்பில் ஏற்றுவார்கள். அந்தக் கதிர்ச் சத்து ஏறக்குறைய 110 நிமிடத்துக்கு ஒரு தடவை பாதியாகக் குறைந்துவிடும். வேகமாக வளரும் புற்றுநோய்ச் செல்கள் சீனியை அதிகமாக இழுப்பதால் அந்த இடம் வெளிச்சமாகத் தெரியும். லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு, ஈரலிலும் நெஞ்சின் நடுவே ஓடும் இரத்தத்திலும் தெரியும் வெளிச்சத்தோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை புள்ளி கொடுப்பார்கள். 2009இல் பிரான்சில் டோவில் என்ற ஊரில் கூடிய வைத்தியர்கள் வகுத்த முறை அது. பள்ளிக்கூடப் புள்ளிக்கு நேர் எதிர். இங்கே 1 நல்லது, 5 கெட்டது.

நமது நாட்டில் மஹரகம ஆஸ்பத்திரிக்கு ஒரு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க 2016இல் நாடு முழுவதும் சாதாரண சனங்கள் காசு சேர்த்துக் கொடுத்தார்கள் என்பது பலருக்கும் ஞாபகம் இருக்கும்.

பெட் ஸ்கேனுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் ஒன்றும் சாப்பிடக்கூடாது. சீனி போட்ட தேத்தண்ணியும் கூடாது, வெறும் தண்ணீர் குடிக்கலாம். சீனி வருத்தம் உள்ளவர்கள் திகதி எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். முதல் நாள் மலைக்குப் போய்க் கஷ்டமான வேலை செய்யக்கூடாது. உழைத்த தசையும் சீனியை இழுத்து வெளிச்சமாகத் தெரியும். வெற்றிலை மென்றுகொண்டு போகக்கூடாது, தாடைத் தசை வெளிச்சமாகும். நம்ம பக்கத்துக் குளிரும் ஒரு காரணம்தான். குளிரில் நடுங்கினால் கழுத்திலும் தோளிலும் உள்ள ஒரு வகைக் கொழுப்பு உடம்பைச் சூடாக்கச் சீனியை எரிக்கும். அதுவும் ஸ்கேனில் நோய்போலத் தெரிந்து டொக்டரைக் குழப்பும். விடியற்காலையில் மலையில் இருந்து இறங்கும்போது சுவெட்டர், கம்பளி போட்டுக்கொண்டு போங்கள். ஸ்கேன் எடுத்த அன்று சில மணித்தியாலம் கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் விட்டுத் தள்ளி இருக்க வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு "சீனி சாப்பிட்டாப் புற்றுநோய் வளரும்" என்று நோயாளிக்குச் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். மருந்து எடுக்கும் உடம்புக்குச் சாப்பாடு வேண்டும். மேலே சொன்ன கட்டுப்பாடு ஸ்கேன் எடுக்கும் நாளுக்கு மட்டும்தான்.

எல்லாம் மறைந்தால் எல்லாம் முடிந்ததா?

கம்ப்ளீட் ரெஸ்பொன்ஸ் பெரிய சந்தோஷம்தான். ஆனாலும் ஸ்கேனுக்குத் தெரியாத அளவு சின்னதாக நோய் ஒளிந்திருக்கலாம். சில மில்லிமீற்றருக்குக் கீழே உள்ளதை ஸ்கேன் காட்டாது, அந்தச் சின்ன இடத்திலேயே கோடிக்கணக்கான செல்கள் இருக்கும். களை புடுங்கிய மலையில் வேர் மிஞ்சியிருந்தால் மழைக்குத் திரும்ப வருவதில்லையா? அதனால்தான் கட்டி மறைந்தபிறகும் மிச்ச மருந்தைக் கொடுத்து முடிக்கிறார்கள், வருஷக்கணக்காகக் கிளினிக்குக்கு வரச் சொல்கிறார்கள். ஒரு நாள் பேர் போகிறதே என்று அந்தக் கிளினிக்கைத் தவறவிடாதீர்கள்.

நாம் செய்ய வேண்டியவை

1. பழைய படம், சீ.டி. தட்டு, ரிப்போட் எல்லாவற்றையும் திகதி வரிசையில் ஒரே பையில் வையுங்கள். லயத்துக் கூரை ஒழுகும், அடுப்புப் புகை அடிக்கும். பொலித்தீன் கவரில் போட்டுப் பெட்டிக்குள் வையுங்கள்.

2. புதிய ஸ்கேனுக்குப் போகும்போது பழையதை எல்லாம் கொண்டு போங்கள். படம் பார்க்கும் டொக்டருக்குப் பழைய படம் இல்லையென்றால் ஒப்பிட வழியில்லை. முடிந்தால் அதே இடத்தில், அதே வகை ஸ்கேனை எடுப்பது நல்லது.

3. அடையாள அட்டையில் ஒரு பெயர், கிளினிக் அட்டையில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிடுவது ஒரு பெயர் என்பது நமக்குள்ள பழைய வியாதி. லெட்சுமி ஒரு ரிப்போட்டில் லக்ஷ்மி ஆனால் இரண்டு ஆளாகிவிடுவார். எங்கே போனாலும் அடையாள அட்டையில் உள்ள பெயரையே கொடுங்கள்.

4. சீ.டீ. ஸ்கேனில் மருந்து ஏற்றுவார்கள். சிறுநீரக வருத்தம், ஆஸ்துமா, முன்பு மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது, சீனிக்கு மெட்போமின் குளிசை எடுப்பது, கர்ப்பமாக இருப்பது இவற்றில் எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. என்றால் உடம்புக்குள் இரும்புத் தகடு, ஆணி, இதய இயந்திரம் இருந்தால் சொல்லுங்கள்.

5. கிளினிக்குக்கு சிங்களமோ இங்கிலீஷோ பேசக்கூடிய ஒருவரைக் கூட்டிப் போங்கள். ஆள் இல்லாவிட்டால் என்னிடம் சொல்லுங்கள்.

6. டொக்டரிடம் கேட்க வேண்டிய நான்கு கேள்வி: போன ஸ்கேனை விட இது எப்படி? புதிதாக எங்கேயாவது வந்திருக்கிறதா? இதே மருந்தா, மாற்றுகிறீர்களா? அடுத்த ஸ்கேன் எப்போது? பதிலைக் கிளினிக் கொப்பியின் பின்பக்கம் எழுதி வையுங்கள்.

ஒரு கடைசி வார்த்தை

நமது நாட்டில் ஆண்களுக்கு ஆகக்கூடுதலாக வருவது வாய்ப் புற்றுநோய். பெண்களுக்கு மார்புப் புற்றுநோய். பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண், வெள்ளைத் தழும்பு, வாய் திறக்கக் கஷ்டம், மார்பில் கட்டி இவற்றில் எது இருந்தாலும் தோட்ட மருந்தகத்தில் உடனே காட்டுங்கள். மஹரகம, கண்டி, பதுளை அரசாங்க ஆஸ்பத்திரிகளில் புற்றுநோய் கிளினிக் உண்டு.

அந்த அக்கா திரும்பவும் மருந்தைத் தொடங்கினார். தவறிய இரண்டு கிளினிக்கால் என்ன நட்டம் என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. அடுத்த ஸ்கேனிலும் ஸ்டேபிள் என்றுதான் வந்தது. அன்று அண்ணன் என் மேசைக்கு வந்து கவரை வைத்துவிட்டு, "ஐயா, நிக்குதாம்" என்று சிரித்தார். வெயில் அடிக்கும் நாளில் அக்கா பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளை மடுவத்துக்கு நடந்து போவதை நானும் பார்க்கிறேன்.

ரிப்போட் கையில் கிடைத்தால், லயத்தில் வாசித்து முடிவெடுக்காமல் டொக்டரிடம் கொண்டு போங்கள். கிளினிக் திகதி வரும்வரை மனம் கேட்காவிட்டால் என்னிடம் வாருங்கள், சேர்ந்து போவோம்.

உங்கள்
தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்